மின்னிறக்கம் அடையும் மின்தேக்கி வெளிவிடும் ஆற்றலைக் கணக்கிடுதல்: படிப்படியான முழு வழிகாட்டி

பாதி பெருக்கல் மின்தேக்குத்திறன் பெருக்கல் மின்னழுத்தத்தின் வர்க்கம் என்ற சூத்திரத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அனைவரும் அறிவர். ஆயினும், ஒரு மின்தேக்கியைக் கையில் கொடுத்து அது வெளிவிடும் ஆற்றலைக் கேட்டால் பலருடைய விடை தவறாகவே வருகிறது. பிழை பெரும்பாலும் பெருக்கலில் இருப்பதில்லை. எந்த மின்னழுத்தத்திலிருந்து எந்த மின்னழுத்தம் வரை, எந்த உறுப்புக்குள் செல்லும் ஆற்றல் என்பதை வரையறுக்காமலேயே சூத்திரத்தைத் தொட்டுவிடுவதுதான் காரணம். ஆகவே இந்த வழிகாட்டியில் சூத்திரம் ஐந்தாம் படியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய நான்கு படிகளைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

பெரும்பாலான படிகளுக்கு ஒரே எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவோம்: 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் என அச்சிடப்பட்ட மின்பகு மின்தேக்கி, 24 வோல்ட்டுக்கு மின்னேற்றம் செய்யப்பட்டு, 10 கிலோஓம் மின்தடை வழியாக மின்னிறக்கம் அடைகிறது. இறுதிப் படியில் மட்டும் பவர் சப்ளை ஒன்றின் கணக்கைப் போடுவோம்.

1. முன்னதாகத் தேவைப்படுபவை

தொடக்க மின்னழுத்தம், இறுதி மின்னழுத்தம், மின்தேக்குத்திறனின் உண்மை மதிப்பு, மின்னோட்டம் செல்லும் பாதையில் உள்ள உறுப்புகள் ஆகிய நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும். இவற்றுள் எது இல்லாவிட்டாலும் கணக்கு ஊகமாகிவிடும்.

தொடக்க மின்னழுத்தம் என்பது மின்தேக்கியின் உறையில் அச்சிட்டுள்ள வோல்ட் அன்று. அது தாங்கக்கூடிய உச்ச வரம்பு மட்டுமே. 35 வோல்ட் மின்தேக்கி 24 வோல்ட் சுற்றில் இருந்தால் கணக்கில் இடவேண்டியது 24. புதியவர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவே. மின்னழுத்தம் வர்க்கமாகப் பெருகுவதால், 35 என்று இட்டால் விடை இரு மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.

அளவிடும் கருவிகளாக மல்டிமீட்டரும் நிறுத்துக் கடிகாரமும் போதும். வேகமான மின்னிறக்கத்துக்கு மட்டும் ஆசிலோஸ்கோப் தேவை.

பாதுகாப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 24 வோல்ட்டில் கற்றுக்கொள்ளுங்கள். 230 வோல்ட் மின்வழங்கலை நேராகத் திருத்தும் (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும்) பவர் சப்ளைகளில் உள்ள மின்தேக்கி ஏறத்தாழ 325 வோல்ட்டில் நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னழுத்தம் உயிருக்கு ஆபத்தானது. அதை ஸ்க்ரூடிரைவரால் குறுக்கிணைக்கக் கூடாது. 2.2 கிலோஓம், 10 வாட் வயர்வவுண்ட் மின்தடை போன்ற ஒன்றின் வழியாக இறக்கி, மீட்டரால் சரிபார்த்து, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை அளக்க வேண்டும். உள்ளிருக்கும் மின்கடத்தாப் பொருள் உறிஞ்சி வைத்திருந்த மின்னூட்டம் மெல்லத் திரும்புவதால், சுழி காட்டிய மின்தேக்கியில் சற்று நேரத்தில் மீண்டும் வோல்ட் எழுவது இயல்பு.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுதல்

"மின்தேக்கியின் ஆற்றல்" என்ற சொற்றொடருக்குள் மூன்று வெவ்வேறு கேள்விகள் அடங்கியுள்ளன. இப்போது சேமிப்பில் இருப்பது எவ்வளவு? குறிப்பிட்ட இரு மின்னழுத்தங்களுக்கு இடையே வெளியேறுவது எவ்வளவு? வெளியேறியதில் நமக்குத் தேவையான பளுவுக்குள் (ஆற்றலைப் பயன்படுத்தும் உறுப்புக்குள்) சென்றது எவ்வளவு? மின்தேக்கி சுழி வோல்ட் வரை இறங்கினால் முதல் இரண்டும் ஒன்றாகும். பாதையில் ஒரே ஒரு மின்தடை மட்டும் இருந்தால் பின்னிரண்டும் ஒன்றாகும். நடைமுறைச் சுற்றுகளில் இவை ஒன்றாக அமைவது அரிது.

எனவே, "24 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட் வரை இறங்கும்போது, 10 கிலோஓம் மின்தடையில் வெப்பமாகும் ஆற்றல்" என்பதுபோல் முழு வாக்கியமாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த வாக்கியம் இருந்தால் சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வராது.

3. மின்தேக்குத்திறனை அளத்தல்

மின்பகு மின்தேக்கிகளின் அச்சிட்ட மதிப்பு பொதுவாகக் கூட்டல் கழித்தல் 20 விழுக்காடு வரை மாறலாம். பழைய மின்தேக்கிகளில் மின்பகு திரவம் உலர்ந்திருந்தால் மதிப்பு அதைவிடவும் குறையும். மின்தேக்குத்திறனில் உள்ள பிழை அப்படியே ஆற்றலின் பிழையாகிவிடுவதால், அச்சிட்ட எண்ணை நம்பி மூன்று தசம இடங்கள் வரை விடை எழுதுவதில் பொருளில்லை.

மின்தேக்குத்திறன் அளக்கும் வசதி மீட்டரில் இல்லாவிட்டால் மின்னிறக்கத்தைக் கொண்டே அளக்கலாம். 10 கிலோஓம் மின்தடையின் உண்மை மதிப்பை முதலில் மீட்டரால் அளந்துகொள்ளுங்கள். மின்தேக்கியை 24 வோல்ட்டில் சில நிமிடங்கள் வைத்திருங்கள். பின்னர் வழங்கியின் இணைப்பை முழுவதுமாக நீக்கிவிட்டு மின்தடையை இணையுங்கள். வழங்கி இணைப்பிலேயே இருந்தால் மின்தேக்கி இறங்கவே இறங்காது; மின்தடைக்கு ஆற்றலைத் தருவது வழங்கியாகிவிடும்.

கடிகாரத்தை இணைப்புக் கொடுக்கும் கணத்தில் தொடங்க வேண்டாம். இறங்கிக்கொண்டிருக்கும் மின்னழுத்தம் 20.0 வோல்ட்டைத் தொடும்போது தொடங்கி, அதன் 36.8 விழுக்காடாகிய 7.36 வோல்ட்டைத் தொடும்போது நிறுத்துங்கள். கம்பியைத் தொடுவதும் பொத்தானை அழுத்துவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டிய நெருக்கடி இதனால் நீங்குகிறது. விழுக்காடு மட்டுமே முக்கியம் என்பதால் எந்த மின்னழுத்தத்தில் தொடங்கினாலும் முடிவு ஒன்றே. கிடைக்கும் நேரம்தான் கால மாறிலி. அதை மின்தடையால் வகுத்தால் மின்தேக்குத்திறன் கிடைக்கும். நேரம் 42 விநாடி என்றும் மின்தடை சரியாக 10,000 ஓம் என்றும் கொண்டால், மின்தேக்குத்திறன் 0.0042 ஃபாரட், அதாவது 4200 மைக்ரோஃபாரட். இனி இந்த மதிப்பையே பயன்படுத்துவோம்.

இந்த முறையில் மறைந்திருக்கும் பிழை ஒன்று உண்டு. பல டிஜிட்டல் மீட்டர்களின் உள்ளீட்டு மின்தடை 10 மெகாஓம். 10 கிலோஓமுக்கு இணையாக அது இருப்பது ஒரு பொருட்டல்ல. ஆனால் மின்னிறக்கத்தை மெதுவாக்கக் கருதி 1 மெகாஓம் மின்தடையைத் தேர்ந்தெடுத்தால், வெளியேறும் ஆற்றலில் பதினொன்றில் ஒரு பங்கு மீட்டருக்குள்ளேயே சென்றுவிடும்.

பல அடுக்கு செராமிக் மின்தேக்கிகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகைகளில் நேர் மின்னழுத்தம் ஏற ஏற மின்தேக்குத்திறன் குறைகிறது. சிறிய உறைகளில், அவற்றின் உச்ச வரம்புக்கு அருகே, பாதிக்கும் மேல் இழப்பதும் உண்டு. அங்கே ஒரே எண்ணைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிட முடியாது. தயாரிப்பாளர் தரும் வரைபடத்திலிருந்து ஒவ்வொரு மின்னழுத்தத்திலும் உள்ள மின்தேக்குத்திறனை எடுத்து, மின்னழுத்தம் பெருக்கல் மின்தேக்குத்திறன் என்பதை மின்னழுத்தத்தைப் பொறுத்துச் சிறுசிறு துண்டுகளாகக் கூட்ட வேண்டும்.

4. அலகுகளை அடிப்படை அலகுக்கு மாற்றுதல்

மைக்ரோஃபாரட் எனில் பத்து இலட்சத்தால் வகுத்து ஃபாரடாக்குங்கள், கிலோஓமை ஓமாக்குங்கள். இதைச் சூத்திரத்துக்குள் செய்வதைவிட முன்னதாகவே செய்து தனி வரியில் எழுதுவது நல்லது. அப்போது விடை ஜூலில் வரும். அதே விடையை வாட்-மணியில் எழுத 3600-ஆல் வகுக்க வேண்டும்.

5. வெளியேறிய ஆற்றலைக் கணக்கிடுதல்

வெளியேறிய ஆற்றல் = ½ × மின்தேக்குத்திறன் × (தொடக்க மின்னழுத்தத்தின் வர்க்கம் − இறுதி மின்னழுத்தத்தின் வர்க்கம்)

நம் மின்தேக்கி 24 வோல்ட்டிலிருந்து சுழி வரை இறங்கினால்: ½ × 0.0042 × 576 = 1.21 ஜூல். அச்சிட்ட 4700-ஐ நம்பியிருந்தால் 1.35 ஜூல் என்று வந்திருக்கும். 24-இலிருந்து 6 வோல்ட் வரை மட்டும் இறங்கினால்: ½ × 0.0042 × (576 − 36) = 1.134 ஜூல். மின்னழுத்தம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதற்குள் ஆற்றலில் பதினாறில் பதினைந்து பங்கு வெளியேறிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

முதலில் வர்க்கம், பிறகு கழித்தல் என்ற வரிசை மாறக் கூடாது. முதலில் கழித்து, 18-ஐ வர்க்கப்படுத்தினால் 0.68 ஜூல் என்ற தவறான விடை வரும். ஆற்றல் என்பது இரு நிலைகளின் சேமிப்புகளுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஒவ்வொரு நிலையின் சேமிப்பையும் தனித்தனியே காண வேண்டும் என்பதே இதற்குக் காரணம். அந்தத் தவறான கோவை முற்றிலும் பொருளற்றது அன்று; வேறொரு கேள்விக்கு அதுவே சரியான விடையாகும் இடத்தை ஏழாம் படியில் காண்போம்.

6. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது

மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் 0.0042 × 24 = 0.1008 கூலும். இதை 24 வோல்ட்டால் பெருக்கி 2.42 ஜூல் என்று எழுதுபவர்கள், எல்லா மின்னூட்டமும் 24 வோல்ட்டிலேயே வெளியேறுவதாகக் கொள்கிறார்கள். மின்கலத்தில் அது ஏறக்குறையச் சரி. மின்தேக்கியிலோ மின்னூட்டம் வெளியேற வெளியேற மின்னழுத்தமும் நேர்விகிதத்தில் இறங்குகிறது. முதல் துளி மின்னூட்டம் 24 வோல்ட்டில் வெளியேறுகிறது. கடைசித் துளி சுழி வோல்ட்டில். சராசரி 12 வோல்ட். பாதி என்பது அந்தச் சராசரியே.

இதை இழப்பு எனக் கருதுவோர் பலர். நிலையான வழங்கியிலிருந்து மின்தடை வழியாக மின்தேக்கியை மின்னேற்றும்போது வழங்கி தரும் ஆற்றலில் பாதி வெப்பமாகப் போவது உண்மை. ஆனால் அது மின்னேற்றத்தின் கணக்கு. மின்னிறக்கம் தொடங்குமுன்பே முடிந்துபோனது. சேமிப்பில் உள்ள 1.21 ஜூல் முழுவதும் வெளியே வரக்கூடியது. அதை மீண்டும் பாதியாக்கி 0.6 என்று எழுத வேண்டாம்.

7. வெளியேறிய ஆற்றலைப் பங்கிடுதல்

இந்த வழிகாட்டியில் நின்று படிக்க வேண்டிய படி இதுதான். மின்தேக்கியிலிருந்து வெளியேறியது வேறு, பளுவுக்குச் சென்றது வேறு.

பாதையில் மின்தடைகள் மட்டும் தொடராக இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் செல்வதால், ஆற்றல் மின்தடைகளின் விகிதத்தில் பிரிகிறது. 10 கிலோஓமுடன் ஒப்பிட்டால் மின்தேக்கியின் உள் தொடர் மின்தடை மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம். ஆனால் 0.3 ஓம் பளுவுக்குள் மின்தேக்கியை ஒரேயடியாக இறக்கும்போது உள் மின்தடை 0.1 ஓம் இருந்தால், ஆற்றலில் நான்கில் ஒரு பங்கு மின்தேக்கிக்குள்ளேயே வெப்பமாகிவிடும். இணையாக இருக்கும் மின்தடைகளில் விகிதம் தலைகீழாகும். சிறிய மின்தடையே அதிக ஆற்றலை எடுத்துக்கொள்ளும்.

மொத்த ஆற்றல் மின்தடையின் மதிப்பைச் சார்ந்ததன்று. 10 கிலோஓமுக்குப் பதில் 100 ஓம் இட்டாலும் வெளியேறுவது அதே 1.21 ஜூல்தான். நேரமும் உச்சத் திறனும் மட்டுமே மாறுகின்றன.

இப்போது 10 கிலோஓமுடன் தொடராக ஒரு சிவப்பு எல்.இ.டி. இருப்பதாகக் கொள்வோம். அதன் குறுக்கே ஏறத்தாழ 2 வோல்ட் மாறாமல் நிற்கும் எனத் தோராயமாக எடுத்துக்கொண்டால், மின்தேக்கி 2 வோல்ட்டில் நின்றுவிடும். வெளியேறிய ஆற்றல் ½ × 0.0042 × (576 − 4) = 1.201 ஜூல். எல்.இ.டி.யில் மின்னழுத்தம் நிலையானது என்பதால், அதற்குச் சென்ற ஆற்றல் வெளியேறிய மின்னூட்டத்தை 2 வோல்ட்டால் பெருக்கியது: 0.0042 × 22 × 2 = 0.185 ஜூல். எஞ்சிய 1.016 ஜூல் மின்தடையில் வெப்பமானது.

அந்த 1.016-ஐ வேறு வழியிலும் பெறலாம்: ½ × 0.0042 × 22 × 22. வேறுபாட்டை வர்க்கப்படுத்தும் அந்தக் கோவை இங்கே சரியான விடையைத் தருகிறது, ஏனெனில் மின்தடை காணும் மின்னழுத்தம் 22-இல் தொடங்கிச் சுழியில் முடிகிறது. மின்தேக்கி ஒரு மின்கலத்துக்குள் இறங்கும் சுற்றுகளிலும் இவ்வாறே மின்தடையின் பங்கைக் கணக்கிடலாம். மொத்தத்தைக் கேட்டால் வர்க்கங்களின் வேறுபாடு. நிலை மின்னழுத்தத்துக்கு எதிராக இறங்கி அதிலேயே நிற்கும்போது மின்தடையின் பங்கைக் கேட்டால் வேறுபாட்டின் வர்க்கம்.

மின்னேற்றிய மின்தேக்கியை அதே அளவுள்ள வெற்று மின்தேக்கியுடன் இணைத்தால் இரண்டும் 12 வோல்ட்டில் நிற்கும். இரண்டிலும் சேர்ந்து 0.605 ஜூல் மட்டுமே இருக்கும். மற்றப் பாதி கம்பிகளின் மின்தடையிலும் இணைப்பில் எழும் தீப்பொறியிலும் போய்விட்டது. மின்தடை எவ்வளவு சிறியதாயினும் இந்த இழப்பு குறையாது.

8. குறிப்பிட்ட நேரத்துக்குள் வெளியேறும் ஆற்றல்

மின்தடை வழியாக இறங்கும்போது மின்னழுத்தம் ஒவ்வொரு கால மாறிலிக்கும் 36.8 விழுக்காடாகக் குறைகிறது. ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கம் என்பதால் இரு மடங்கு வேகத்தில் குறைகிறது. மின்னழுத்தத்தின் கால மாறிலி 42 விநாடி எனில் ஆற்றலின் கால மாறிலி 21 விநாடி.

அரைக் கால மாறிலியில் வெளியேறியது 63.2 விழுக்காடு, ஒரு கால மாறிலியில் 86.5, இரண்டில் 98.2, மூன்றில் 99.75. மின்னழுத்தத்துக்குரிய 63.2 விழுக்காட்டை ஒரு கால மாறிலிக்கான ஆற்றலாக எழுதுவது பொதுவான பிழை.

குறிப்பிட்ட மின்னழுத்தத்தை அடையும் நேரம் வேண்டுமெனில், தொடக்க மின்னழுத்தத்தை இறுதி மின்னழுத்தத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையைக் கால மாறிலியால் பெருக்குங்கள். 24-இலிருந்து 6 வரை: 42 × 1.386 = 58 விநாடி.

பாதுகாப்பைத் தீர்மானிக்கும்போது ஆற்றலின் விழுக்காட்டைப் பார்க்கவே கூடாது. 325 வோல்ட் மின்தேக்கியில் ஒரு கால மாறிலிக்குப் பிறகு 86.5 விழுக்காடு ஆற்றல் போய்விட்டது என்பது உண்மை. ஆனால் முனைகளில் 120 வோல்ட் எஞ்சியிருக்கிறது. 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு இணையாக 100 கிலோஓம் மின்தடை இருந்தால், கால மாறிலி 22 விநாடி. 50 வோல்ட்டுக்கு இறங்க 41 விநாடி ஆகும்.

9. வேறு வழியில் சரிபார்த்தல்

ஒற்றை மின்தடைச் சுற்றுக்கு எளிய சரிபார்ப்பு உண்டு. தொடக்கத் திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தது: 576 ÷ 10,000 = 0.0576 வாட். இதை ஆற்றலின் கால மாறிலியாகிய 21 விநாடியால் பெருக்கினால் 1.21 ஜூல். ஐந்தாம் படியின் விடையும் அதுவே. மின்தேக்குத்திறனை நேரடியாகத் தொடாத வழியில் வந்ததால், அலகு மாற்றத்தில் சுழிகள் விடுபட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

மின்னழுத்த அளவீட்டில் 1 விழுக்காடு பிழை இருந்தால் ஆற்றலில் 2 விழுக்காடு பிழை வரும் என்பதையும் விடைக்கு அருகில் குறித்துவையுங்கள்.

10. நிலையான திறனை இழுக்கும் பளு: பவர் சப்ளை

பவர் சப்ளையில் உள்ள மின்தேக்கி மின்தடைக்குள் இறங்குவதில்லை. அதன் பின்னுள்ள மாற்றி (அந்த மின்னழுத்தத்தை வெளியீட்டுக்குரிய மின்னழுத்தமாக மாற்றும் சுற்று), மின்னழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டத்தை இழுத்து வெளியீட்டுத் திறனை மாறாமல் காக்கிறது. எட்டாம் படியின் விழுக்காடுகள் இங்கே பயன்படா. ஐந்தாம் படி மட்டும் பளு எதுவாயினும் பொருந்தும்.

220 மைக்ரோஃபாரட், 60 வாட் வெளியீடு, 85 விழுக்காடு செயல்திறன், மாற்றி வேலை செய்யும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 200 வோல்ட் எனக் கொள்வோம். மின்தேக்கியிலிருந்து இழுக்கப்படும் திறன் 60 ÷ 0.85 = 70.6 வாட். மின்சாரம் நின்ற பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே கேள்வி.

தொடக்க மின்னழுத்தமாக 325-ஐ இடாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலில் முழு அலைத் திருத்தியின் இரு உச்சங்களுக்கு இடையே 10 மில்லிவிநாடி உள்ளது. அதற்குள் அதிகபட்சம் 0.706 ஜூல் வெளியேறி, மின்னழுத்தம் ஏறத்தாழ 315 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கலாம். மின்சாரம் எந்தக் கணத்திலும் நிற்கக்கூடும் என்பதால் இந்தத் தாழ்ந்த மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். ½ × 0.00022 × (315 × 315 − 200 × 200) = 6.51 ஜூல். இதை 70.6-ஆல் வகுத்தால் 92 மில்லிவிநாடி.

தொடக்க மின்னோட்டத்தைக் கொண்டு 1406 ஓம் என்ற ஒரு மின்தடையைக் கற்பித்து, எட்டாம் படியின் வழியில் சென்றவருக்கு 140 மில்லிவிநாடி கிடைக்கும். மின்னழுத்தம் குறையக் குறைய மின்னோட்டமும் குறையும் என்று அந்த வழி கருதுவதால் இவ்வளவு வேறுபாடு. உண்மையில் மின்னோட்டம் 0.22 ஆம்பியரிலிருந்து 0.35 ஆம்பியருக்கு ஏறுகிறது.

கடைசியாக, மின்தேக்குத்திறனை 20 விழுக்காடு குறைத்து, 176 மைக்ரோஃபாரடுடன் இதே கணக்கை மறுபடி போடுங்கள். இரு உச்சங்களுக்கு இடையே மின்னழுத்தம் 312.4 வோல்ட் வரை இறங்கும். கிடைக்கும் ஆற்றல் 5.07 ஜூல், தாங்கும் நேரம் 72 மில்லிவிநாடி. வடிவமைப்பில் எழுத வேண்டிய எண் 92 அன்று, 72.